சித்தியின் கால்

முன்பெல்லாம் நம் வயசுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இப்போது காலைப் பார்க்கிறோம். கட்டுப் போட்டிருக்கிறதா, விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா, எங்காவது கறுத்திருக்கிறதா என்று கண் தானாகக் கீழே போகிறது. சர்க்கரை வந்த நாளிலிருந்து என்னையும் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பார்க்கிறேன். பார்க்கிற போதெல்லாம் எனக்கு வேறொருத்தியின் கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வயசில் மறதி ஒரு வரம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். எனக்கு இன்னும் அது கிடைக்கவில்லை.

போன மாசம் தம்பி வந்திருந்தான். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அவனும் அறுபதைத் தொடப்போகிறான். வலது காலில் கட்டு. ஷூவுக்குள் நுழையாததால் பின்பக்கத்தை மடக்கி மிதித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, காட்டுக்குள்ள ஒரு பாழடஞ்ச ஊடு இருக்குதாமே. உனக்கு வழி தெரியுமா?"

"தெரியும். இப்போ எதுக்குடா அது?"

"அந்தப் பொம்பள இருந்த எடத்த ஒருவாட்டி பாத்துடணும்னு தோணுது."

அந்தப் பொம்பளை என்று அவன் சொன்னது அவனைப் பெற்றவளை. அவளுக்குப் பெருவியாதி, அதாவது குஷ்டம் வந்தது, காட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், அங்கிருந்து ஒரு லாரிக்காரனோடு ஓடிப்போய்விட்டாள். இதுதான் அவனுக்குச் சொல்லி வளர்த்த கதை. சித்தப்பா அடுத்த தை மாசமே கட்டிக்கொண்ட இன்னொருத்தியைத்தான் அவன் அம்மா என்கிறான். அவளும் அவனை நன்றாகத்தான் வளர்த்தாள், குறை சொல்ல முடியாது.

மறுநாள் அவன் காரிலேயே போனோம். பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் பாத்திகள். அந்த வெயிலில் உப்பைப் பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது. சின்ன வயசிலும் வந்தது, அப்போது அதை அழுகை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது எனக்குப் பல தடவை உதவியிருக்கிறது.

எங்கள் வீட்டில் உப்புதான் எல்லாம். பெரியப்பா உப்பளத்து மேஸ்திரி. அப்பாவும் சித்தப்பாவும் அவருக்குக் கீழே வேலை. அவர் உட்காரச் சொன்னால் அப்பா உட்காருவார். பொங்கல் கழிந்ததும் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று பாத்தியைக் காலால் மிதிப்பார்கள். களிமண் இறுகி சிமெண்டுத் தரையாகிற வரை மிதிக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, அது வெயிலில் முற்றி, உப்பு பூத்ததும் பலகையால் இழுத்து, கூடையில் அள்ளிக் கரையேற்ற வேண்டும். மழை பிடிக்கிற வரை எல்லோர் காலும் அந்தத் தண்ணீரில்தான். எங்கள் வீட்டு ஆட்களின் பாதத்தில் முள் குத்தினால் முள்தான் ஒடியும். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

சித்தி கிளியனூர் பக்கத்திலிருந்து வந்தவள். மணிலாக் கொல்லைக்காரர் மகள், வேர்க்கடலை விளைகிற ஊர். செம்மண்ணில் நடந்து பழகிய கால். உள்ளங்கால் ஓரமெல்லாம் மருதாணி வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். முதல் வாரத்திலேயே, பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "குழம்புல உப்பு கரிக்குதுக்கா" என்று எங்கள் அம்மாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

பெரியப்பா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உப்புக்காரன் ஊட்டுல உப்பு தூக்கலாத்தாம்மா இருக்கும்."

"அதுக்காவ இப்படியா மாமா? நாக்கு பொத்துப்போவுதே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடினாள். அப்பா சுவரைப் பார்த்தார். எனக்கும் என் அக்காவுக்கும் அன்றிலிருந்து சித்தி என்றால் உயிர். மனசில் சரி என்று பட்டதைச் சொல்லாமல் விழுங்க அவளுக்குத் தெரியாது. அது ஒரு வியாதி என்றால், அவளுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

முதல் வருஷம் பிள்ளை உண்டாகியிருந்ததால் பாத்தியில் இறக்கவில்லை. தம்பி பிறந்து தவழ ஆரம்பித்த வருஷம் இறக்கினார்கள். கொஞ்ச நாளில் அவள் குதிகால் வெடித்தது. பிறகு விரலிடுக்கில் வட்டவட்டமாகப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் குழிந்து, துணியைச் சுற்றினால் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பெரியப்பாவுக்கு வைத்தியம் ஒன்றுதான் தெரியும். நன்றாக முற்றிய, செம்பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்ட உப்புத் தண்ணீரில் இன்னும் அதிக நேரம் நிற்கச் சொன்னார். "குளம்புப் புண்ணு வந்த மாட்டயெல்லாம் ஊர்க்காரன் இங்கதான் ஓட்டியாந்து நிறுத்துறான். மாட்டுக்கே ஆறுது, மனுசனுக்கு ஆறாதா?" என்றார். மாடுகளை ஓட்டி வருவார்கள், அது உண்மைதான். ஒரு நாள் இரண்டு நாள் கொஞ்ச நேரம் வாய்க்காலில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓட்டிப்போவார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை எந்த மாட்டையும் யாரும் அதில் நிறுத்தியதில்லை. இந்த வித்தியாசம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புத்திசாலிகளுக்கு எங்கள் வீட்டில் எப்போதுமே பஞ்சமில்லை.

ஒரு மாசம் போனது. புண் பெரிதானது. ஒருநாள் பெரியப்பா அவளை வரப்பில் உட்காரவைத்து, காரைமுள் ஒன்றை ஒடித்து அவள் குதிகாலில் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

"இங்க?"

"ம்ஹூம்."

அவர் முள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். "மரத்துப்போச்சு. இது புண்ணு இல்ல. உப்புல ஆறலைன்னா அது புண்ணே இல்ல. பெருவியாதி."

நாளெல்லாம் உப்பில் ஊறிய கால் மரத்துத்தான் போகும். அதே முள்ளை அவர் குதிகாலில் குத்தியிருந்தால் அவருக்கும் வலித்திருக்காது. யாரும் குத்தவில்லை.

அன்று சாயங்காலமே மற்ற பெண்கள், அவள் கால் வைத்த பாத்தியில் இறங்க மாட்டோம் என்று கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். சாப்பிடும்போது அப்பா மெதுவாக, "டவுனு டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டா" என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். "காட்டினா பேரு எழுதி வச்சிக்குவான். ஊரு பூரா தெரிஞ்சிடும். பெருவியாதிக்காரி மிதிச்ச உப்ப எவன்டா வாங்குவான்?" அப்பா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

காட்டுக்குள் இருந்த அந்த வீடு அப்போதே பாழ்தான். முந்திரித் தோப்பு வைத்துப் பிழைக்க வந்த யாரோ ஒரு குடும்பம் கட்டியது. காலராவில் பாதிப் பேர் போக, மிச்சப் பேர் கதவு நிலையைக்கூடப் பெயர்க்காமல் போய்விட்டார்கள் என்பார்கள். தோப்பைப் பார்க்க ஆளில்லாமல் அது காட்டோடு காடாகிவிட்டது. மூன்று அறை. ஒன்றுக்குத்தான் கூரை மிச்சம். பின்னால் ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உவர்ப்பு. அந்தக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

சித்தியை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தம்பியை அவள் இடுப்பிலிருந்து பிரித்து அம்மாவிடம் கொடுத்தது சித்தப்பா. பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உப்புத்தண்ணி தெனம் வரும். காலையிலும் சாயங்காலமும் கால ஊறவை. ஆறுன அன்னிக்கு நானே வந்து அழைச்சிக்கினு போறேன். புள்ள உன் கையில இருக்கும்." பொய்யாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் ஆறுவதே இல்லை.

கஞ்சித் தூக்கையும் உப்புத் தண்ணீர் டின்னையும் கொண்டுபோகிற வேலை அக்காவுக்கும் எனக்கும். டின்னுக்குக் கம்பிப் பிடி. ஒரு குச்சியை உள்ளே கொடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்வோம். தளும்பித் தெறிக்கும், சூரை முள் கிழித்த இடத்தில் பட்டால் உயிர் போகும். வீட்டுக்கு முன்னால் ஒரு கல் இருந்தது. அதில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துத் திரும்பிவிட வேண்டும் என்பது உத்தரவு. நாங்கள் ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை.

உள்ளே சிவப்புச் சிமெண்டுத் தரை. அது ஈரமாக இருந்தபோது யாரோ ஒரு குழந்தை மேலே நடந்துவிட்டிருக்கிறது. வாசற்படியிலிருந்து சுவர் வரைக்கும் சின்னச் சின்னப் பாதம், விரல்களோடு, அப்படியே காய்ந்து நின்றுவிட்டது. சித்தி அதன் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வாள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையை அந்தப் பாதத்தில் வைத்து அழுத்துவாள். "உங்க தம்பிக்கு இவ்ளோ பெருசு ஆயிருக்குமா?" என்று கேட்பாள். "இன்னும் கொஞ்சம் சின்னது சித்தி" என்று அக்கா சொல்வாள். முதல் வாரம் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. கிணற்றடியில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பீய்ச்சிக் கீழே விட்டாள். எறும்பு மொய்த்தது. எங்களைப் பார்த்ததும், "இன்னாடி பாக்குறீங்க, போங்க அந்தப் பக்கம்" என்று சிரித்தாள். சிரித்ததை நான் நம்பினேன்.

சித்தப்பா ஒரே ஒருமுறை வந்தார். கல் வரைக்கும். கையிலிருந்த பக்கோடாப் பொட்டலத்தை அங்கிருந்தே எறிந்தார். அது பாதி வழியில் விழுந்து அவிழ்ந்துவிட்டது.

"புள்ள நடக்குதா?" என்று சித்தி கேட்டாள்.

"ம்" என்றார்.

தம்பி அப்போது நடக்கவே ஆரம்பிக்கவில்லை. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், அவ்வளவுதான். அவர் போனபிறகு சித்தி அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு எங்களிடம் அவன் எப்படி நடக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா தத்தித் தத்தி நடந்து காட்டினாள்.

கொஞ்ச நாளிலேயே உப்புத் தண்ணீரை சித்தி நிறுத்திவிட்டாள். நாங்கள் இறக்கி வைத்த டின்னைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், வீட்டுப் பக்கத்து முந்திரி மரத்தடியில் கவிழ்த்தாள். "ராத்திரியெல்லாம் எரியுதுடி. ஒருநாள் ஊத்தாம இருந்து பாத்தேன், தூக்கம் வந்துது." கிணற்றில் இறைத்துக் காலைக் கழுவி, வெயிலில் நீட்டிக் காயவைத்தாள். தினமும் அப்படியே. டின்னை நாங்களும் விடாமல் தூக்கிப் போனோம், வீட்டில் சந்தேகம் வரக்கூடாது என்று.

அந்தக் கோடையில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. மரத்தின் இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பாகிக் கருகி உதிர்ந்தன. சித்தியின் காலில் தோல் கூடியது. முதலில் ரோஜா நிறத்தில் மெல்லிசாக, பிறகு கெட்டியாக. களாக்காய் பறிக்க எங்களோடு புதருக்குள் வந்தாள். ஒருநாள் கிணற்றைச் சுற்றி ஓடி எங்களைத் துரத்திப் பிடித்தாள்.

அக்கா விவரமானவள். "சித்தி, பெரியப்பா வரும்போது உப்புத்தண்ணியிலதான் ஆறுச்சுன்னு சொல்லிடு. வேற எதுவும் பேசாத. புள்ளய வாங்கிக்கினு வந்துடு."

"ஐய, எனக்குத் தெரியாதா? வாயத் தெறக்க மாட்டேன் போ" என்று சித்தி அக்காவின் தலையில் தட்டிச் சத்தியம் செய்தாள்.

அக்காதான் வீட்டில் போய்ச் சொன்னாள், கால் ஆறிவிட்டது என்று. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா, இடுப்பில் தம்பியோடு அம்மா, நாங்கள் இருவரும், எல்லோருமாகப் போனோம். சித்தி தலை வாரிப் பொட்டு வைத்து, பச்சை டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் தயாராக வைத்திருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் முகம் கோணியது. அழாமல் நின்றாள்.

பெரியப்பா அவள் காலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் ஒடித்துக் குத்தினார். "ஐயோ மாமா!" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாகூடச் சிரித்தார்.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. "உப்பு நம்மள கைவிடாதும்மா." அம்மா பக்கம் திரும்பி, "புள்ளயக் குடு" என்றார்.

அம்மா முன்னால் போனாள். சித்தி இரண்டு கையையும் நீட்டினாள். தம்பிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, ஆனால் கண்ணாடி வளையலைப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டான்.

பெரியப்பா மனசு குளிர்ந்துபோய் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "கூடை தூக்குற அந்தச் சின்னப் பொண்ணு இருக்குது இல்ல, அதுக்கும் இப்ப விரலிடுக்குல ஆரம்பிச்சிருக்குதாம். அவளக் கொண்டாந்து இங்க வச்சிடலாம். மூணு வேளையும் உப்புத்தண்ணி ஊத்தினா இதே மாதிரி ஆறிடும். இனிமே எவளுக்குப் புண்ணு வந்தாலும் இந்த ஊடுதான்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பெரியவர்களுக்குப் பின்னால் நின்று, அவர்களுக்குத் தெரியாமல், அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று. சித்தி அதைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தாள்.

"வேணாம் மாமா" என்றாள்.

"இன்னா வேணாம்?"

"அந்தப் பொண்ணுக்கு உப்புத்தண்ணி ஊத்தாதீங்க. நான் ஊத்தவே இல்ல மாமா. எப்பவோ நிறுத்திட்டேன். இந்தக் கெணத்துத் தண்ணியிலதான் ஆறுச்சு. உப்புலதான் புண்ணே வருது. தோ, அந்த மரத்தப் பாருங்க, அதுக்குத்தான் ஊத்தினேன். அம்மாம் பெரிய மரத்தையே கருக்கிடுச்சு, என் கால உடுமா?"

எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். இலை ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் வாயைத் திறந்து மூடினார்.

பெரியப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, ஆறியிருக்கும். அவர் பயந்துபோனார். "புள்ளய இப்படிக் குடு" என்று அம்மாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தம்பி பிடித்திருந்த வளையல் உடைந்தது.

"உப்புல ஆறாத புண்ணு வெறுந்தண்ணியில ஆறுச்சுன்னா அது ஆறலம்மா. உள்ள எறங்கிடுச்சு. மேல தோலு மூடிக்கிச்சு."

"முள்ளு குத்தினா வலிச்சுதே மாமா! நீங்கதான பாத்தீங்க!"

"உள்ள போனது கத்துது."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைசியாக அம்மாவைப் பார்த்து, "அக்கா, நீயாவது சொல்லுக்கா" என்றாள். அம்மா தம்பியின் விரலில் வளையல் கீறிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பி நடந்தோம். சித்தி கல் வரைக்கும் ஓடி வந்தாள். கல்லைத் தாண்டவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை, அவளாகத்தான் அங்கே நின்றாள்.

அக்கா அன்றைக்கே அந்தக் கூடைக்காரப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை அவள் அப்பன் விடிவதற்குள் சொந்த ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். ரொம்ப வருஷம் கழித்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சிவப்புச் செருப்பு போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துபோனாள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் நன்றாக நடந்துகொண்டிருந்தாள், அது போதும்.

அப்புறம் மழை. கழுவெளி ஏரி நிரம்பிக் காட்டுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். சோறு கொண்டுபோவது நின்றுவிட்டது. "தண்ணி வடியட்டும்" என்றார்கள். அக்காவும் நானும் ஒருமுறை இடுப்பளவு தண்ணீர் வரை போய்விட்டு, அடி வாங்கிக்கொண்டு திரும்பினோம். வடிந்தபிறகு அப்பாவும் பெரியப்பாவும் போனார்கள். உடம்பெல்லாம் சேறாக வந்து, ரொம்ப நேரம் குளித்தார்கள். "ஓடிப்போயிட்டா. விறகு ஏத்த வந்த லாரிக்காரன் எவன்கூடயோ" என்றார் பெரியப்பா. சுற்றிலும் கழுவெளி நிரம்பிக் கிடந்த நாட்களில் எந்த லாரி காட்டுக்குள் வரும் என்று கேட்கிற வயசு எங்களுக்கு இல்லை. கேட்கிற வயசுக்காரர்கள் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு வண்டியில் செங்கல் கட்டி ஏற்றிக்கொண்டு போய், "பசங்க விழுந்துடும்" என்று அந்தக் கிணற்றைத் தூர்த்தார்கள். பசங்களைப் பற்றி அதுவரை இல்லாத அக்கறை. பச்சைப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்த புடவை ஒன்றை அடுத்த தீபாவளிக்குப் புதுச் சித்தி கட்டியிருந்தாள்.

அம்மா சாகக் கிடந்தபோதுதான் சொன்னாள். சித்தி கிணற்றில்தான் இருந்தாள். விழுந்தாளா, குதித்தாளா, யாருக்கும் தெரியாது. போலீசுக்குப் பயந்து அப்படியே மூடிவிட்டார்கள். "காலு ரெண்டும் மேல தெரிஞ்சிதாம். ஒரு கீறல்கூட இல்லாம, அவ்ளோ சுத்தமா இருந்துதாம். உங்கப்பன் அத்தச் சொல்லிச் சொல்லி அழுவாரு" என்றாள். அழுதாராம். எனக்கு அதைக் கேட்டு இரக்கம் வரவில்லை.

காட்டு வழியில் இப்போது வனத்துறை கம்பி போட்டிருக்கிறது. தம்பியைத் தெரிந்த காவலாள் திறந்துவிட்டான். தம்பி நொண்டினான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்களைப் பார்த்தவன் சிரித்திருப்பான். வீட்டில் இரண்டு சுவர் நிற்கிறது. கூரை இருந்த அறைக்கு நடுவில் ஒரு வேம்பு. சருகைக் காலால் தள்ளினேன். சிவப்புத் தரை வெடித்துக் கிடந்தது, ஆனால் அந்தக் குழந்தைப் பாதம் ஒன்று அப்படியே இருந்தது. தம்பி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ பசங்க" என்றான்.

பின்பக்கம் போய், கட்டுக் காலை நீட்டிக்கொண்டு ஒரு திட்டில் உட்கார்ந்தான். மண் மேவிப் புல் முளைத்திருந்தாலும் வட்டம் தெரிந்தது.

"அங்க உக்காராதடா."

"ஏன், பாம்பா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளையும் மரத்தையும் வளையலையும். "அவ ஓடிப்போவலடா. நீ எது மேல உக்காந்திருக்கிறியோ அங்கதான் இருக்குறா" என்றும் சொன்னேன். அவன் எழுந்திருக்கவில்லை. திட்டைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். வாய்விட்டு அழுவான், ஒரு தடவையாவது அம்மா என்று சொல்வான் என்று காத்திருந்தேன். இவ்வளவு வருஷம் அதற்காகத்தான் இதை வைத்திருந்தேன் போல.

"கால் நெசமாவே ஆறியிருந்துதாக்கா?" என்றான் கடைசியில்.

"ஆறியிருந்துதுடா. நான் கண்ணால பாத்தேன். எங்களத் தொரத்திப் புடிச்சா."

அவன் மெதுவாக ஷூவைக் கழற்றினான். கட்டை அவிழ்த்தான். விரலிடுக்கில் வட்டமாகப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் குழிந்து. துணியெல்லாம் உப்பு பூத்து விறைத்திருந்தது.

"பாவி, சர்க்கரைக் காலுடா இது. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மருந்து குடுத்தாரு. அது கெடக்குது. காலையில சாயங்காலம் பாத்தித் தண்ணியிலதான் ஊறவைக்குறேன். இன்னும் ஆறல." அவன் புண்ணையே பார்த்தான். "இந்த வியாதி அவ வழியா வந்திருக்கும்னுதான் இங்க வந்தேன். நீ சொல்றதப் பாத்தா பெரியப்பா சொன்னதுதான் சரின்னு தோணுது. அவளுக்கு உள்ள எறங்கிதான் இருந்திருக்குது. இல்லன்னா எனக்கு ஏன் வருது?"

நான் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். முழங்கால் வலியோடு அந்தத் திட்டடியில் மண்டி போட்டு, அவன் புண்மேல் ஊற்றினேன்.

"ஐயோ, வெறுந்தண்ணிய ஊத்தாதக்கா!" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.